தரையிலிருந்து எழ முடியவில்லை என்றால் மருந்துப் பையையும் திறந்து பாருங்கள்

பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு எழும்போது அம்மா பக்கத்து அலமாரிக் கதவின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. அதை மாட்டித் தரலாம் என்று திருப்புளியோடு உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்: இரண்டு திருகாணிகளும் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன, துளைகள் அகன்று தூள் கொட்டியது. ஒருநாள் இழுத்ததில் இப்படி ஆகாது. வாரக்கணக்கில் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் அவள் எழுந்துகொண்டிருந்திருக்கிறாள். கேட்டதற்கு, “அறுபத்தெட்டு வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும்” என்றாள். நாங்களும் நம்பினோம்.

வயது காரணமில்லை. முடக்குவாதத்துக்காக அவளுக்குத் தினமும் 20 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆறு வாரம் கழித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள், அதற்குப் பிறகு அளவைக் குறைப்பதாகத் திட்டம். வலி விட்டுப்போன நிம்மதியில் நாங்கள் போகவில்லை. பழைய சீட்டையே மருந்துக் கடையில் நீட்டி ஐந்து மாதம் வாங்கிவிட்டோம். ஸ்டீராய்டு அவளுடைய இடுப்பையும் தொடையையும் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

நீண்டகால மாத்திரை ஒன்றைப் புதிதாகத் தொடங்கியிருப்பவர்களுக்காகவும், அப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. எந்த மாத்திரையைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று இதில் சொல்லப் போவதில்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைக் குறித்துக்கொள்ள வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். அம்மாவின் விஷயத்தில் இவற்றைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது.

முதலில்: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மற்றதைப் படிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் நோட்டு, பட்டியல் எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஒரு பக்கக் கையும் காலும் திடீரென விழுவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது. இது பக்கவாதமாக இருக்கலாம். மாத்திரையைச் சந்தேகித்துக்கொண்டு ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது.

மூச்சு வாங்குவது, விழுங்கும்போது புரையேறுவது, தலையைத் தூக்கி நிறுத்த முடியாமல் போவது. மூச்சுக்கும் விழுங்குவதற்கும் தசைதான் வேலை செய்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பாதத்தில் தொடங்கிய தளர்ச்சி சில நாட்களுக்குள் முழங்கால், இடுப்பு என்று மேலே ஏறிக்கொண்டே வருவது. தளர்ச்சியோடு நெஞ்சு படபடப்பு, மயக்கம்.

தசை வலியோடு சிறுநீர் கருத்துப்போவது. இதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். என் பெரியப்பா பல ஆண்டுகளாகக் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டேட்டின் 40 மில்லிகிராம் சாப்பிட்டுவந்தார், ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச் சளிக்காக வேறொரு இடத்தில் காட்டினார், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதை அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு தொடையும் அடித்துப்போட்டதுபோல் வலித்தன. சிறுநீர் பால் விடாத காப்பியின் நிறத்தில் போனது. உடம்பு சூடு என்று நினைத்து, மோரும் வெந்தயமும் குடித்து இரண்டு நாள் கழித்துவிட்டார். தசை நார்கள் உடைந்து அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருந்தது. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிப் பத்து நாள் படுக்க வைத்துத்தான் சிறுநீரகத்தை மீட்டார்கள். உடம்பு சூட்டில் சிறுநீர் மஞ்சளாகும், எரியும். தொடை வலியோடு காப்பி நிறத்தில் போனால் அது சூடு இல்லை.

சோர்வா, வலியா, தளர்ச்சியா?

“உடம்புக்கு முடியவில்லை” என்று நாம் சொல்லும் ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. சோர்வு என்றால் செய்ய மனமில்லை, ஆனால் செய்தால் முடியும். வலி என்றால் செய்ய முடியும், ஆனால் நோகும். தளர்ச்சி என்றால் மனம் இருக்கிறது, வலியும் இல்லை, ஆனாலும் கால் எழும்ப மறுக்கிறது. மருத்துவர் தேடுவது இந்த மூன்றாவதை. அதைப் பிரித்துச் சொல்லாமல் “ஒரே அசதி” என்று சொன்னால் ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

மருந்தால் வரும் தளர்ச்சி பெரும்பாலும் உடம்பின் நடுப்பகுதிக்கு அருகிலிருக்கும் பெரிய தசைகளில், அதாவது இடுப்பு, தொடை, தோள் ஆகியவற்றில் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. விரல்களும் பாதமும் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். பூ தொடுப்பார்கள், ஊசியில் நூல் கோப்பார்கள், ஆனால் கட்டிலை விட்டு எழ மாட்டார்கள். பார்க்கிறவர்களுக்குச் சோம்பல்போலத் தெரிவது இதனால்தான். அந்தச் சொல்லைத் தயவுசெய்து வீட்டில் யாரும் பயன்படுத்த வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை நம் அன்றாடத்திலேயே இருக்கின்றன. சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் தொடையில் கையை ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் எழுகிறாரா? இந்திய வகைக் கழிப்பறையில் சுவரைப் பிடிக்கிறாரா? பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பைக் கையால் இழுக்கிறாரா? பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கப் பேரனைக் கூப்பிடுகிறாரா? அம்மா தலை வாரிக் கொண்டை போடுவதை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. கையை உயர்த்தி வைத்திருக்க முடியாததால் பின்னலை அப்படியே தொங்கவிட்டிருந்தாள். முடி கொட்டுவதால் கொண்டை போடுவதில்லை என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். முதியவர்கள் இயலாமையை இப்படிப் பழக்க மாற்றத்துக்குள் மறைத்துவைப்பார்கள். ஆகவே “முடிகிறதா?” என்று கேட்பதை விட, “எதை விட்டுவிட்டார்கள்?” என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

நாற்காலிக் கணக்கு

கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடுங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். கைபேசியில் நேரம் பாருங்கள். 15 நொடிக்கு மேல் ஆனால் கால் தசையின் வலு குறைந்திருக்கிறது என்று முதியோர் தசைக்குறைவு பற்றிய ஐரோப்பிய நிபுணர் குழு 2019-ஆம் ஆண்டு வரையறையில் சொல்கிறது. விழுந்துவிடாமல் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்கும்போதே தள்ளாடுபவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

புதிய மாத்திரையைத் தொடங்கும் நாளன்றே இதை ஒருமுறை செய்து தேதியோடு எழுதிவைத்துக்கொள்வது மிக நல்லது. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாவிட்டால், இப்போது குறைந்திருக்கிறது என்று யாரிடமும் நிறுவ முடியாது. அதன் பிறகு மாதம் ஒருமுறை போதும். தினமும் செய்து மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மருந்துப் பையைக் கவிழ்த்துப் பட்டியல் போடுங்கள்

மருந்துச் சீட்டை வைத்துப் பட்டியல் போடாதீர்கள். சீட்டில் இருப்பது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. பையை அப்படியே மேசையில் கொட்டி, ஒவ்வொரு மாத்திரை அட்டையின் பின்புறமும் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப் பெயரை எழுதுங்கள். கம்பெனி வைத்த பெயர் கடைக்குக் கடை மாறும், மூலப் பெயர் மாறாது. இரண்டு வேறு பெயர்களில் ஒரே மருந்தை இரண்டு வேளை சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பட்டியலில்தான் அது வெளியே வரும்.

பெயருக்கு எதிரே நான்கு விவரங்கள் வேண்டும்: எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்தத் தேதியில் தொடங்கியது, கடைசியாக அளவு மாறியது எப்போது. தளர்ச்சி தொடங்கிய தேதியை அதே தாளில் வேறு மையில் எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் தீபாவளிக்கு முன்பா பின்பா, கல்யாணத்துக்குப் போனபோது படி ஏறினார்களா என்று யோசித்தால் கிடைத்துவிடும். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் மருத்துவருக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய துப்பு.

ஊசி, மூச்சில் உறிஞ்சும் மருந்து (இன்ஹேலர்), நாட்டு மருந்து, லேகியம், மூட்டுவலிப் பொடி எல்லாம் பட்டியலில் வர வேண்டும். பெயரோ உட்பொருளோ அச்சிடாமல் பொட்டலத்தில் தரும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிதல்ல. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது என்றால் மகிழ்ச்சியை விடச் சந்தேகமே வர வேண்டும். அதிமதுரமும் அப்படி ஒன்று. தொண்டைக்கு இதமாக ஒரு துண்டு கடிப்பதில் குற்றமில்லை. வாரக்கணக்கில் தினமும் நிறையச் சாப்பிட்டால் அது உடம்பிலுள்ள பொட்டாசியத்தைச் சிறுநீரில் இறக்கிவிடும், ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும், காலைத் துவளச் செய்யும். நாட்டு மருந்து என்பதால் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறோம். மறைக்க வேண்டாம்.

எந்த மாத்திரையைச் சந்தேகிப்பது?

*கொழுப்பு மாத்திரை.* பெயர் ‘ஸ்டேட்டின்’ என்று முடியும்: அடோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின், சிம்வாஸ்டேட்டின். தசைக் கோளாறு என்றதும் எல்லோரும் முதலில் கைகாட்டுவது இதைத்தான். ஆகவே இதைப் பற்றி இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதல் உண்மை, அந்தக் கைகாட்டல் பெரும்பாலும் தவறு. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், தொந்தரவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திவிட்ட 60 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 12 மாதத்துக்கு 12 புட்டிகள் கொடுத்தார்கள்: நான்கில் ஸ்டேட்டின், நான்கில் அதேபோலத் தோன்றும் வெற்று மாத்திரை, நான்கு காலிப் புட்டிகள். மாத்திரை உள்ள புட்டிகளில் எது எது என்று சாப்பிடுபவர்களுக்குத் தெரியாது. ஸ்டேட்டின் தந்த தொந்தரவில் 90 சதவீதத்தை வெற்று மாத்திரையும் தந்தது. 2020-இல் வெளிவந்த முடிவு இது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. வலி உண்மை. வரும் என்று அஞ்சி எதிர்பார்த்துச் சாப்பிடும்போது, வந்தும் விடுகிறது.

இரண்டாம் உண்மை, சிலருக்கு நிஜமாகவே தசை கெடுகிறது. செரிவாஸ்டேட்டின் என்ற மருந்து தசை உடைந்து நேர்ந்த மரணங்களால் 2001 ஆகஸ்டில் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இன்று விற்கும் ஸ்டேட்டின்களில் அந்த அளவு ஆபத்து மிக அரிது. ஆனால் ஆபத்து ஏறும் சூழ்நிலைகள் தெரிந்தவை: வயது, மெலிந்த உடல், சிறுநீரக ஈரல் கோளாறு, அதிகக் குடி, கண்டுபிடிக்கப்படாத தைராய்டு குறைவு, பெரிய அளவு மாத்திரை. இவை எல்லாவற்றையும் விட, கூடச் சேரும் இன்னொரு மருந்து. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரைக்கு இப்போது தாராளமாக எழுதப்படும் இட்ராகோனசோல் ஆகியவை ஈரலில் அடோர்வாஸ்டேட்டினும் சிம்வாஸ்டேட்டினும் கரைந்து வெளியேறும் வழியை அடைத்துவிடுகின்றன. தினம் ஒன்று சாப்பிட்டாலும் பல மாத்திரை சாப்பிட்டதுபோல் ரத்தத்தில் தேங்கிவிடும். பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான். பிரஷருக்கான அம்லோடிபின் சாப்பிடுபவருக்குச் சிம்வாஸ்டேட்டின் நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது.

நமக்கென்று ஒரு செய்தியும் உண்டு. ரோசுவாஸ்டேட்டின் ஆசிய வம்சாவளியினரின் ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு சேர்கிறது, இந்தியர்களும் இதில் அடக்கம். ஆகவே ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பேடே சொல்கிறது. பெரிய அளவு எழுதியிருந்தால் தவறு என்று எண்ணிவிடாதீர்கள், மாரடைப்புக்குப் பிறகு அது தேவைப்படலாம். “இந்த அளவு எனக்கு வேண்டுமா?” என்று கேட்பதில் மட்டும் தவறில்லை.

*ஸ்டீராய்டு.* இங்கே கதை நேர்மாறு. ஸ்டேட்டினைக் காரணமில்லாமல் பழிக்கிறோம், ஸ்டீராய்டை யாரும் சந்தேகிப்பதே இல்லை. காரணம், இதில் வலி இருக்காது. தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதியின் அளவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உட்கார்ந்தால் எழ முடியாது, அவ்வளவுதான். நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ப்ரெட்னிசோலோன் வாரக்கணக்கில் எடுப்பவர்கள் விழித்திருக்க வேண்டும். டெக்சாமெதசோன் தசையை இன்னும் அதிகமாகத் தாக்கும் வகை. அட்டையில் எண் சிறியதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்: ப்ரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமமாக மெத்தில்ப்ரெட்னிசோலோன் 4, டெஃப்ளாசகார்ட் 6, டெக்சாமெதசோன் வெறும் 0.75 மில்லிகிராம். தொடை மெலிந்துகொண்டே போகையில் முகமும் வயிறும் உப்புவதால், “உடம்பு தேறியிருக்கிறாய்” என்று பார்க்க வந்தவர்கள் அம்மாவிடம் சொன்னார்கள்.

*நீர் பிரியும் மாத்திரை.* ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை தண்ணீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். ரத்தத்தில் அது 3.5-க்குக் கீழே போகப் போகக் கெண்டைக்கால் இழுக்கும், கால் துவளும், நெஞ்சு தடுமாறும். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் ஒரே நாளில் இறங்கிவிடும். உடனே நம் கை இளநீரை நோக்கிப் போகிறது. இங்கேதான் நிற்க வேண்டும். நீர் மாத்திரையிலேயே ஸ்பைரோனோலாக்டோன் என்ற வகை பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும். ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளும் அதை ஏற்றக்கூடியவை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இவற்றோடு இளநீரும் வாழைப்பழமும் சேர்ந்தால் பொட்டாசியம் எல்லை தாண்டும். அதிலும் கால் துவளும், ஆனால் இந்த முறை இதயம் நின்றுபோகக்கூடும். குறைந்தாலும் தளர்ச்சி, ஏறினாலும் தளர்ச்சி. எது என்று ரத்தப் பரிசோதனை ஒன்றால்தான் தெரியும். அதைச் செய்யாமல் இளநீர் கொடுக்காதீர்கள்.

*மற்றவை.* கௌட் எனும் யூரிக் அமில மூட்டு வீக்கத்துக்கான கால்சிசின், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குத் தசையையும் நரம்பையும் சேர்த்தே கெடுக்கும். முடக்குவாதத்துக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் அரிதாக, பல மாதங்கள் கழித்து, இதைச் செய்யலாம். மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைந்து பாதம் மரத்துப்போகும், அதையும் தளர்ச்சி என்றே சொல்வார்கள். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, நரம்பு வலிக்கான ப்ரீகாபாலின் போன்றவை தசையைக் கெடுப்பதில்லை, ஆனால் தள்ளாட வைக்கும்.

மாலையில் இமை சரிவது, பார்ப்பது இரண்டாகத் தெரிவது, சோறு மெல்ல மெல்லத் தாடை களைத்துப்போவது என்று இருந்தால் அது மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயாக இருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளே அதை முற்றச் செய்துவிடும். அந்த நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும்கூடக் கடையில் தாமாக மாத்திரை வாங்கக் கூடாது.

நீங்களாக நிறுத்தாதீர்கள்

கண்டுபிடித்துவிட்டோம் என்ற வேகத்தில் அன்றிரவே மாத்திரையைத் தூக்கிப் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு, தானாக அதைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, ரத்த அழுத்தம் விழுதல், மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகும். அதைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், அந்தப் படிகளை மருத்துவர்தான் எழுத வேண்டும். அம்மாவுக்கு அந்த இறக்கமே பல வாரம் எடுத்தது, கூடவே மூட்டுக்கு வேறு மருந்து தொடங்கினார்கள்.

மாரடைப்பு வந்தவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஸ்டேட்டினை நிறுத்துவதும் விளையாட்டல்ல. காப்பி நிறச் சிறுநீர், கடுமையான தளர்ச்சி இருந்தால் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி தொலைபேசியிலாவது கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்வது, எதைக் கேட்பது?

கூட்டமான புறநோயாளிப் பிரிவில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். முதல் வாக்கியத்திலேயே விஷயம் வர வேண்டும். “இந்தத் தேதியில் இந்த மாத்திரை தொடங்கினோம். எட்டு வாரத்தில் தரையிலிருந்து எழ முடியாமல் போய்விட்டது. வலி இல்லை. நாற்காலிக் கணக்கு 12 நொடியிலிருந்து 30 நொடி ஆகிவிட்டது.” இப்படிச் சொன்னால் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். பட்டியலை நீட்டுங்கள். பிறகு நேராகக் கேளுங்கள்: “இது மருந்தால் இருக்குமா?”

வழக்கமாக எழுதப்படும் பரிசோதனைகள் சி.பி.கே., பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, வைட்டமின் டி. சி.பி.கே. என்பது தசை உடையும்போது ரத்தத்தில் கசியும் நொதி. அதற்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். இடுப்பில் ஊசி போட்டிருந்தாலோ, கீழே விழுந்திருந்தாலோ சொல்லிவிடுங்கள், அவற்றாலும் எண் ஏறும். அறிக்கையில் இயல்பு அளவின் மேல் எல்லையைப் போலப் பத்து மடங்கு தாண்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பிடியுங்கள். எண் சரியாக இருப்பதால் மட்டும் வீட்டுக்குத் திரும்பிவிடவும் கூடாது. ஸ்டீராய்டு விஷயத்தில் அது சரியாகத்தான் இருக்கும் என்று மேலே சொன்னேன்.

ஸ்டேட்டின் என்றால், சில வாரம் நிறுத்திப் பார்த்து, தளர்ச்சி போன பிறகு குறைந்த அளவிலோ வேறு வகையிலோ மீண்டும் தொடங்குவார்கள். பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு ஸ்டேட்டினை ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். நிறுத்திய பிறகும் தளர்ச்சி வளர்ந்துகொண்டே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கும் அரிய வகையாக இருக்கலாம். அப்போது நரம்பியல் அல்லது மூட்டு வாதவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அரசுக்குத் தெரிவியுங்கள்

மருந்தால் நேர்ந்த தீங்கைப் பதிவுசெய்ய இந்தியாவில் 2010 முதல் ஓர் அமைப்பு இருக்கிறது, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம். காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் அதை நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, என்ன நேர்ந்தது என்று நீங்கள் போட்ட பட்டியலிலுள்ள விவரங்களைத்தான் கேட்பார்கள். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும்.

தேறி வரும் மாதங்கள்

பொட்டாசியக் கோளாறு சரிசெய்தால் கால் சில நாட்களிலேயே திரும்பிவிடும். ஸ்டேட்டினுக்குச் சில வாரங்கள். ஸ்டீராய்டு தின்ற தசை திரும்ப மாதங்கள் ஆகும், அதுவும் உட்கார்ந்தே இருந்தால் திரும்பாது. இயன்முறை மருத்துவர் அம்மாவுக்குச் சொன்னது எளிய பயிற்சி: உயரமான நாற்காலியிலிருந்து, மேசையைத் தொட்டுக்கொண்டு, நாளைக்கு இரண்டு வேளை எழுந்து உட்கார்வது. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டுத் தொடங்கினோம். மூன்று வாரத்தில் ஒன்றை எடுத்தோம். வலு வரும் வரை விழாமலிருப்பது முக்கியம், ஸ்டீராய்டு எலும்பையும் மெலிய வைத்திருக்கும். குளியலறையில் பிடிகம்பி, கழிப்பறைக்கு மேலே வைக்கும் உயர இருக்கை, இரவில் எரியும் சிறு விளக்கு ஆகியவற்றுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

சாப்பாட்டில் புரதம் கூட வேண்டும். அம்மாவின் தட்டில் சோறும் ரசமும் ஊறுகாயும்தான் இருந்தன. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். சுண்டல், பயறு, தயிர், மீன், எது ஒத்துக்கொள்கிறதோ அது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அலமாரிக்கு நான் புதிய கைப்பிடி மாட்டவில்லை. அதன் பக்கத்துச் சுவரில், துளையிட்டு இறுக்கிய எஃகுக் கம்பி ஒன்று இருக்கிறது. முதல்முறை நாற்காலிக் கணக்கு எடுத்தபோது அம்மாவுக்கு 31 நொடி ஆனது. இரண்டு மாதத்தில் 24. ஐந்தாம் மாதத்தில் 17. விளக்கேற்றிவிட்டு எழும்போது இப்போது அந்தக் கம்பியை ஒரு கையால் தொட்டுக்கொள்கிறாள், இன்னொரு கையில் தீப்பெட்டி இருக்கிறது.